மரக்கன்றுக்கு முன்னால் குழாய்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பள்ளிவாசல்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சுற்றுச்சூழல் என்று யாராவது பேச்சை எடுத்தால் நம் ஜமாத்துகளில் உடனே நடப்பது மரக்கன்று நடும் விழாதான். முத்தவல்லி (பள்ளிவாசல் நிர்வாகி) ஒரு பக்கம், ஹஜ்ரத் (இமாம்) ஒரு பக்கம், நடுவில் ஒரு வேப்பங்கன்று, போட்டோ. சித்திரை வெயில் வந்ததும் கன்று காய்ந்துவிடும், அடுத்த வருடம் அதே குழியில் இன்னொரு கன்று வைப்பார்கள். மரம் நடுவதை நான் குறை சொல்லவில்லை, அதற்கான படியும் கீழே இருக்கிறது. ஆனால் நம் இரண்டு மாவட்டங்களுக்கும் முதல் பிரச்சினை தண்ணீர். தண்ணீரைச் சரி செய்யாமல் நட்ட மரம் நிற்காது.

குர்ஆனில் 67-வது அத்தியாயத்தின் கடைசி வசனம் ஒரு கேள்வியாக முடிகிறது: உங்கள் தண்ணீர் பூமிக்குள் போய்விட்டால் ஓடும் நீரை உங்களுக்குக் கொண்டுவருபவர் யார்? காவிரிக் கரையில் இருப்பவர் இதை ஓதிவிட்டுக் கடந்து போகலாம். ஆயிரம் அடிக்கு போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டும் புகைதான் வந்தது என்று சொல்பவர்கள் உள்ள ஊரில் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியாது. அதனால் இந்த வழிகாட்டி குழாயில் தொடங்குகிறது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்களை நினைத்து எழுதியிருக்கிறேன். வீட்டுக்கும் பெரும்பாலானது பொருந்தும்.

படி 1: பயானுக்கு (மார்க்க உரைக்கு) வலுவான ஆதாரங்களை எடுத்து வையுங்கள்

ஜமாத்தில் எந்த மாற்றம் என்றாலும் "இது மார்க்கத்தில் இருக்கிறதா?" என்ற கேள்வி வரும். வரட்டும், நல்ல கேள்விதான். பதில் கையில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் அழகான வாசகங்களை நம்பி மிம்பர் மேடையில் ஏறினால், ஹதீஸ் (நபிமொழி) படித்த ஓர் இளைஞர் எழுந்து ஆதாரம் கேட்பார், விஷயம் அங்கேயே திசைமாறிவிடும்.

உதாரணத்துக்கு, ஓடும் ஆற்றில் வுளூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்தாலும் வீண்விரயம் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் ஸஅத் (ரலி) அவர்களிடம் சொன்ன செய்தி இப்னு மாஜா என்ற ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். ஆனால் இதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் இருப்பதாக ஹதீஸ் அறிஞர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். இதை மட்டும் நம்பி நிற்கத் தேவையில்லை. நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' (ஒரு முகத்தல் அளவு) தண்ணீரில் வுளூ செய்வார்கள், ஒரு 'ஸாவு' (நான்கு முத்து) முதல் ஐந்து முத்து வரையிலான தண்ணீரில் குளிப்பார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிப்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. முத்து என்பது மத்ஹபுக்கு மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு) கணக்கு கொஞ்சம் மாறும். தோராயமாக முக்கால் லிட்டரில் இருந்து ஒரு லிட்டர் வரை என்று வைத்துக்கொள்ளலாம். "உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள்" என்ற குர்ஆனின் 7:31 வசனத்தை இதோடு சேர்த்தால் ஒரு ஜும்ஆ பயானுக்குப் போதும்.

இன்னும் மூன்றை எடுத்து வையுங்கள். ஒரு முஸ்லிம் நட்ட மரத்தில் இருந்தோ விதைத்த பயிரில் இருந்தோ மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்கு தர்மம் (புகாரி, முஸ்லிம்). நீர்நிலைகளிலும் நடுவழியிலும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்தைக் கொண்டுவரும் (அபூதாவூத்). தண்ணீர், மேய்ச்சல் புல், நெருப்பு மூன்றிலும் எல்லோருக்கும் பங்கு உண்டு (அபூதாவூத்). கீழே வரும் படிகள் பெரும்பாலும் இவற்றில் ஏதாவது ஒன்றில் போய் நிற்கும்.

ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பேச வேண்டாம். குழாயை மாற்றும் வாரம் வுளூ ஹதீஸ், கன்று நடும் வாரம் மர ஹதீஸ். கேட்டுவிட்டு வெளியே வரும்போது அந்த வேலை கண்ணில் பட வேண்டும்.

படி 2: வுளூத் தண்ணீரை அளந்து பாருங்கள்

ஒரு குழாயின் அடியில் வாளி வைத்து, ஒருவரை வழக்கம்போல வுளூ செய்யச் சொல்லுங்கள். அளக்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள், சொன்னால் எல்லோரும் வலியுல்லாஹ் (இறைநேசர்) ஆகிவிடுவார்கள். பிறகு வாளியில் சேர்ந்ததை லிட்டர் பாட்டிலால் அளந்து, பலகையில் எழுதி வையுங்கள். மிஸ்வாக் குச்சியால் பல் துலக்கும்போதும் தலைக்கு மஸ்ஹு செய்யும்போதும் (ஈரக்கையால் தடவும்போதும்) குழாய் திறந்தே கிடப்பதால்தான் கணக்கு எகிறும்.

ஒருவருக்கு 5 லிட்டர் மிச்சப்படுத்தினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு வக்துக்கு (ஒரு வேளைத் தொழுகைக்கு) 40 பேர், ஐந்து வக்து என்றால் நாளுக்கு 1,000 லிட்டர். மாதம் 30,000 லிட்டர். 5,000 லிட்டர் டிராக்டர் டேங்கர் என்றால் ஆறு லோடு. இந்தக் கணக்கை ஜமாத் கூட்டத்தில் சொன்னால் வசனம் சொல்லியும் அசையாத பொருளாளர்கூட நிமிர்ந்து உட்காருவார்.

சரி செய்ய என்ன வழி? செலவே இல்லாதது, வுளூக் குழாய் வரிசைக்கு வரும் லைனில் உள்ள வால்வைப் பாதி மூடி வைப்பது. முழுக்கத் திறந்தாலும் குச்சி கனத்துக்குத்தான் தண்ணீர் வரும், வுளூவுக்கு அது தாராளம். அடுத்தது, சொட்டும் குழாய்களுக்கு வாஷர் மாற்றுவது. அழுத்தினால் வந்து தானாக நிற்கும் குழாய்களைச் சில பள்ளிகளில் போட்டிருக்கிறார்கள். அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மறுபடி மறுபடி அழுத்த வேண்டியிருப்பதால் வயதானவர்கள் தடுமாறுகிறார்கள். வரிசையின் கடைசியில் நாலு லோட்டாவும் ஒரு தொட்டியும் வைத்துப் பாருங்கள், விரும்புகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

பழைய பள்ளிகளில் ஹவுள் (வுளூ செய்யும் பெரிய தொட்டி) இருந்தால் தயவுசெய்து அதை மூடி டைல்ஸ் போட்டுவிடாதீர்கள். ஹனஃபி மத்ஹபில் பத்து முழத்துக்குப் பத்து முழம் உள்ள ஹவுள் பெரிய நீராகக் கணக்கு. அசுத்தம் விழுந்தாலும் நிறம், மணம், சுவை மாறாதவரை அதில் வுளூ செய்யத் தடை இல்லை. மேல்கூரை மழைநீரைச் சேர்த்துவைக்க இதைவிடப் பெரிய தொட்டியை இன்று கட்டப் போனால் லட்சக்கணக்கில் ஆகும்.

படி 3: வுளூ செய்த தண்ணீர் எங்கே போகிறது?

சாக்கடைக்குத்தான், பெரும்பாலும். அந்தச் சாக்கடை ஓர் ஏரிக்கோ ஆற்றுக்கோ போகும். தென்பெண்ணையில் பெங்களூரு பக்கத்துக் கழிவு வந்து ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை மலைபோல் நிற்பதைப் பார்த்துக் கோபப்படுகிறோம். நியாயமான கோபம். நம் பள்ளிவாசலின் வாய்க்காலுக்குக் கீழேயும் யாரோ இருக்கிறார்கள். மதீனாவில் பாசன வாய்க்கால் தகராறு ஒன்று வந்தபோது, மேலே இருந்த ஸுபைர் (ரலி) அவர்களிடம், உங்கள் நிலத்துக்குப் பாய்ச்சிக்கொண்டு அண்டை நிலத்துக்குத் தண்ணீரை விடுங்கள் என்றுதான் நபி (ஸல்) முதலில் சொன்னார்கள் (புகாரி). மேல்மடைக்காரருக்கு உரிமை உண்டு, அதோடு கடமையும் உண்டு.

வுளூத் தண்ணீரில் சோப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. தோட்டத்துக்கு இதைவிட நல்ல கழிவுநீர் கிடைக்காது. ஒருமுறை வுளூ செய்த நீர் தூய்மையானதுதான். ஆனால் அதைக்கொண்டு மறுபடி வுளூ செய்ய முடியாது. செடிக்கு ஊற்றலாம், முற்றம் கழுவலாம். இன்னும் ஒரு படி மேலே போய், அசுத்தத்தின் நிறம், மணம், சுவை எதுவும் மிஞ்சாத அளவுக்குச் சுத்திகரித்த கழிவுநீரும் தூய நீரே என்று சவூதி மூத்த உலமாக்கள் சபை 1978-ல் ஃபத்வா கொடுத்தது. நமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வுளூ வாய்க்காலையும் கழிப்பறைக் குழாயையும் முழுக்கப் பிரித்துவிடுங்கள். இரண்டும் எங்காவது ஓரிடத்தில் சேர்ந்தால் இந்தத் திட்டமே பாழ். பழைய கட்டடம் என்றால் மேஸ்திரி சொல்வதை அப்படியே நம்பாமல், வுளூ வாய்க்காலில் ஒரு வாளி நீலம் கரைத்த தண்ணீரை ஊற்றி எங்கே வெளிவருகிறது என்று பாருங்கள். வாய்க்கால் முடியும் இடத்தில் சிறு தொட்டி கட்டி, அதில் மணலும் ஜல்லியும் போட்டு, அங்கிருந்து வாழை, தென்னைப் பாத்திக்குக் குழாய் விடுங்கள். தண்ணீர் திறந்தவெளியில் தேங்கக் கூடாது. தேங்கினால் கொசு, கொசு வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் வருவார், அவர் பக்கம்தான் நியாயம் இருக்கும்.

படி 4: கூரை மழையை போருக்குக் கொடுங்கள்

தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். நிறைய கட்டடங்களில் குழாய் இருக்கிறது, கீழே குழிதான் தூர்ந்துபோய்க் கிடக்கிறது. 2,000 சதுர அடி மொட்டைமாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் சுமார் 1,860 லிட்டர் விழும். வீணானது போக 1,500 லிட்டர் கையில் நிற்கும். நம் பக்கம் புரட்டாசி, ஐப்பசியில் நல்ல மழை. ஆவணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

முதல் மழைத் தண்ணீரை வெளியே விட ஒரு திருகு வேண்டும், புறா எச்சமும் தூசியும் அதில்தான் வரும். அதன்பின் வரும் தண்ணீர், அடியில் பெரிய கல், மேலே ஜல்லி, அதற்கு மேல் மணல் என்று நிரப்பிய குழி வழியாக வடிந்து போருக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். வறண்ட போர் இருந்தால் அதையே நிலத்தடி நீரை ஊட்டப் பயன்படுத்தலாம். கேசிங் பைப்பில் துளையிட்டு, நைலான் வலை சுற்றி, சுற்றிலும் இதே வடிகட்டிக் குழியை அமைக்க வேண்டும். கூரைத் தண்ணீர் மட்டும்தான் இதில் போகலாம். வுளூத் தண்ணீரையோ தெருத் தண்ணீரையோ போருக்குள் விடாதீர்கள். நிலத்தடி நீர் கெட்டால் ஊருக்கே கெடும்.

பயன்படுத்தப் போவதில்லை என்றால் அந்த போரை இன்றே மூடுங்கள். வழியில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று முஸ்லிமில் வருகிறது. திறந்து கிடக்கும் ஆழ்துளைக் கிணற்றைவிடப் பெரிய தொல்லை எது?

படி 5: குடிநீரும் நோன்புக் கஞ்சியும்

இது நம் மாவட்டங்களுக்கே உரிய படி. இங்கே பாறை இடுக்கில் இருந்து வரும் ஆழ்துளைத் தண்ணீரில் பல ஊர்களில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் காவி, முற்றினால் எலும்பு, மூட்டு. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது.

கவனிக்க வேண்டியது, கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக, மிஞ்சியதில் அது இன்னும் அடர்த்தியாகும். ரமலானில் மணிக்கணக்காகக் கொதிக்கும் கஞ்சியை போர் தண்ணீரில் வைத்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறோம் என்றால் யோசிக்க வேண்டும். பள்ளிவாசல் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். அளவு கூடுதலாக வந்தால் வுளூவுக்கு போர் தண்ணீர், குடிக்கவும் கஞ்சிக்கும் ஒகேனக்கல் தண்ணீர் என்று பிரித்துக் குழாயில் எழுதி வைத்துவிடுங்கள். ஆர்.ஓ. வைத்திருக்கும் பள்ளிகளில் கழித்துவிடும் தண்ணீரைக் கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்புங்கள். சுத்திகரித்ததைவிட அது பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும்.

உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவில் ரூமா கிணற்றை வாங்கி மக்களுக்கு வக்ஃபு (பொது அறக்கொடை) செய்ததை பயானில் கேட்டிருப்பீர்கள். அதே நன்மையை நாடுகிறவர் ஊரில் இருந்தால், நல்ல குடிநீர் வரும் குழாய் ஒன்றைத் தெருப்பக்கம் வைக்கச் சொல்லுங்கள். யார் வேண்டுமானாலும் குடிக்கும்படி, கீழே ஆடு மாடு நாய்க்கு ஒரு தொட்டியோடு. தாகத்தில் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டது என்பதும் புகாரியில் உள்ள செய்திதான்.

படி 6: இப்போது மரம்

பாத்திக்கு வுளூத் தண்ணீர் வந்துவிட்டது, குழி நனைகிறது. இனி நடலாம். வேம்பு, புங்கன், நாவல், இலுப்பை இந்த மண்ணில் தாங்கும். சீக்கிரம் பச்சையாகத் தெரியும் என்று கோனோகார்பஸ் நடாதீர்கள். இரண்டடிக்கு இரண்டடி குழி, மேல்மண்ணும் மக்கிய தொழுவுரமும், இடுப்பு உயரக் கன்று, ஆடு கடிக்காமல் முள்வேலி. வெயில் காலத்துக்கு, அடியில் சிறு துளையிட்டுத் திரி செருகிய மண்பானை ஒன்றைக் கன்றின் பக்கத்தில் புதைத்து நிரப்பி வையுங்கள். ஒவ்வொரு கன்றுக்கும் மக்தப் (குர்ஆன் பாடசாலை) பிள்ளை ஒருவரைப் பொறுப்பாக்கினால் பெரியவர்களைவிட ஒழுங்காகப் பார்த்துக்கொள்வார்கள்.

கபரஸ்தான் (அடக்கத்தலம்) தனி விஷயம். நம் பக்கம் பல கபரஸ்தான்கள் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கின்றன. ஜனாஸா வந்தால்தான் வழி வெட்டுகிறோம். கருவேலத்தை வேரோடு எடுங்கள், வெட்டி மட்டும் விட்டால் மறுபடி துளிர்க்கும். ஆனால் கப்ருகளின் மேல் உள்ள பச்சைப் புல்லைச் செதுக்கி மொட்டையாக்க வேண்டாம். பச்சைத் தாவரம் தஸ்பீஹ் செய்கிறது (இறைவனைத் துதிக்கிறது) என்பதால் அதைப் பிடுங்குவது மக்ரூஹ் (விரும்பத்தகாதது) என்பது ஹனஃபி ஃபிக்ஹ் நூல்களின் கருத்து. காய்ந்ததை எடுக்கலாம். புது மரங்களைச் சுற்றுச்சுவர் ஓரமாக மட்டும் நடுங்கள், கப்ரு வரிசைக்குள் வேர் போனால் பின்னால் தோண்டுகிறவர் படும் பாடு பெரும்பாடு. அங்கே காய்க்கும் நாவலோ புளியோ வக்ஃபுக்குச் சொந்தம். ஏலம் விட்டால் ரசீது போட்டு வரவு வையுங்கள். சந்தனம் போன்ற மரம் இருந்தால் வனத்துறையைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

படி 7: ரமலான், பெருநாள், குர்பானி

இஃப்தாருக்குப் பிளாஸ்டிக் கப் வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை இருப்பதால் இது சட்டமும்தான். ஜமாத் செலவில் எவர்சில்வர் டம்ளரும் கிண்ணமும் ஒருமுறை வாங்கினால் பல ரமலான் ஓடும். கழுவ ஆள் இல்லை என்பதுதான் எல்லா ஊரிலும் சொல்லும் காரணம். குடித்தவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகலாம், சுன்னத் தொழுகைக்கு நேரம் இருக்கும்.

பெருநாள் மறுநாள் குடும்பத்தோடு ஒகேனக்கல், கே.ஆர்.பி. அணை என்று கிளம்புகிறோம். பிரியாணி அண்டா போகும்போதே குப்பைக்கு ஒரு கோணிப்பையும் போகட்டும். ஷாம்பு பாக்கெட்டை ஆற்றில் விடுகிறவரிடம் மேலே சொன்ன அபூதாவூத் ஹதீஸை நயமாகச் சொல்லுங்கள். வழியில் காட்டுக் குரங்குகளுக்குச் சாப்பாடு போடாதீர்கள், அது தர்மத்தில் சேராது. அவை சாலைக்கு வந்து வண்டியில் அடிபடுகின்றன.

பக்ரீத் குர்பானிதான் சரியான திட்டம் தேவைப்படும் நாள். ஆளாளுக்கு வீட்டு வாசலில் அறுத்து ரத்தத்தைச் சாக்கடையில் விடுவதைவிட, நகராட்சியோ ஊராட்சியோ சம்மதிக்கும் ஓர் இடத்தில் எல்லோருக்கும் ஏற்பாடு செய்வது நல்லது. முந்தின நாளே ஆழமான குழி தோண்டிவிடுங்கள், கிணறு, போர், ஓடைக்குத் தூரமாக. ரத்தமும் கழிவும் அதில் போக, மேலே சுண்ணாம்புத் தூள், அதன்மேல் மண். நாய் தோண்டாத அளவுக்கு மண் வேண்டும். குடலில் இருந்து வரும் சாணத்தைக் குழியில் போடாமல் தனியாகக் காய்ந்த இலையோடு குவித்தால் உரமாகும், அதே மரக்கன்றுகளுக்கு ஆகும். தோலுக்குச் சில மணி நேரத்துக்குள் கல்லுப்பு தாராளமாகத் தேய்த்து மதரஸாவுக்கு அனுப்புங்கள். தோல் விலை விழுந்துவிட்டது என்று குப்பையில் போடும் பழக்கம் வந்திருக்கிறது. அறுப்பவருக்குக் கூலியாகவும் அதைக் கொடுக்கக் கூடாது, அலீ (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) இட்ட கட்டளை அப்படி.

தோல் பேச்சு வந்ததால் ஒன்று. பக்கத்தில் வாணியம்பாடி, ஆம்பூர் பகுதியில் தோல் பதனிட்ட கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் என்ன செய்தது என்பது 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அந்தத் தொழிலில் நம்மவர்கள் நிறையப் பேர். தீங்கு செய்வதும் இல்லை, பதிலுக்குத் தீங்கு செய்வதும் இல்லை என்ற நபிமொழி வாளியில் மிச்சம் பிடிப்பதோடு நிற்காது, தொழிற்சாலைக் குழாய் வரைக்கும் வரும். இதை எந்த மிம்பரிலும் நான் கேட்டதில்லை.

படி 8: வயலும் மாந்தோப்பும்

விவசாயம் செய்யும் ஜமாத்தாரிடம் உஷ்ர் (விளைச்சலுக்கான ஜகாத்) கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். மழையும் ஊற்றும் பாய்ச்சிய விளைச்சலில் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சியதில் இருபதில் ஒன்று என்று புகாரியில் வருகிறது. மானாவாரி ராகிக்கு ஒரு கணக்கு, மோட்டார் பாசனத் தக்காளிக்கு ஒரு கணக்கு. எந்தத் தண்ணீரில் விளைந்தது என்பதை ஒவ்வொரு அறுவடைக்கும் கணக்குப் பார்க்க வைக்கும் சட்டம் இது. நம் பக்கம் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் காய், பழம் எல்லாம் இதில் வரும். ஷாஃபியில் சேமித்து உண்ணும் தானியம் போன்றவற்றுக்குத்தான். உங்கள் நிலம் எந்த வகை, மழையும் மோட்டாரும் கலந்தால் எப்படி என்பதை ஹஜ்ரத்திடம் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுவடை நாளிலேயே அதன் உரிமையைக் கொடுத்துவிடுங்கள், வீணாக்காதீர்கள் என்று இரண்டையும் ஒரே வசனத்தில் சொல்கிறது 6:141. பெங்களூரா மாங்காய் விலை விழும் வருடத்தில் கூழ் ஆலை வாங்கவில்லை என்று சாலையோரம் கொட்டுகிறவர்கள் உண்டு. வண்டி வாடகைக்கே கட்டாதபோது அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஜமாத்திடம் ஒரு மினி லாரியும் நாலு இளைஞர்களும் இருந்தால், கொட்டும் முன்பே தோட்டத்துக்குப் போய் உஷ்ர் பங்கைக் காயாகவே ஏற்றி வந்து, அன்று மாலையே தெருத்தெருவாக ஏழை வீடுகளுக்குக் கொடுத்துவிடலாம். தோட்டக்காரரின் கைபேசி எண்ணைச் சித்திரையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காய் பழுத்த பிறகு தேடினால் நேரம் இருக்காது.